முதலில் மார்லினா ஷா: ஜாஸ் குரல்கள் ஃபங்க் பக்கம் திரும்பியதை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

"எழுபதுகளில் ஜாஸ் பாடகிகள் ஃபங்க் பாடப் போனார்களே, அதில் எதை முதலில் கேட்கலாம்?" ஜாஸ் கேட்கத் தொடங்கிய நண்பர்கள் இப்படிக் கேட்டால், பெரும்பாலும் பதிலாக ஒரு நீளமான பட்டியல்தான் கிடைக்கிறது. இருபது ஆல்பங்களின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு ஒன்றைக்கூட முழுதாகக் கேட்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். முதல் ஆல்பம் சரியாக அமையாவிட்டால் இன்னும் மோசம். "ஜாஸை விட்டுவிட்டு டிஸ்கோவுக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதானே" என்று சொல்லி அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கணக்கில் போட்டியில் நிற்பவை நான்கு. மார்லினா ஷா 1973இல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ ஜாஸ் விழாவில் பாடிய கச்சேரியின் பதிவு, அவருடைய 1975 ஸ்டுடியோ ஆல்பம், டீ டீ பிரிட்ஜ்வாட்டரின் 1979 ஆல்பம், எஸ்தர் பிலிப்ஸின் 1972 ஆல்பம். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மான்ட்ரூவில் தொடங்கி 1975க்குப் போங்கள். ஆனால் எல்லோருக்கும் இதே வரிசை பொருந்தாது. யாருக்கு எது, ஏன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு, ஜாஸின் வழக்கமான நடையான ஸ்விங்குக்கும் ஃபங்க்குக்கும் உள்ள வித்தியாசத்தை நடையை வைத்தே சொல்லிவிடலாம். ஸ்விங்கில் ஒவ்வொரு அடியும் ஏறக்குறைய திஸ்ரத்தில் ஓடுகிறது. தகிட என்பதில் நடு அசையை விழுங்கிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்தத் துள்ளல்தான் ஸ்விங். ஃபங்க்கில் ஒவ்வொரு அடியும் தகதிமி. நான்கு சமமான துண்டுகள், நான்கு அடிக்குப் பதினாறு. அந்தப் பதினாறில் எதை வாசிப்பது, எதை விடுவது என்பதில்தான் ஃபங்க்கின் மொத்த விளையாட்டும் இருக்கிறது. நடுவில் யார் எங்கே ஓடினாலும் முதல் அடியில், நாம் சமம் என்கிற இடத்தில், எல்லோரும் சேர்ந்து விழ வேண்டும். ஃபங்க்கின் முன்னோடிப் பாடகரான ஜேம்ஸ் பிரவுன் அதை 'தி ஒன்' என்றே அழைத்தார்.

ஃபங்க் ஜாஸுக்கு வெளியாள் இல்லை என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். பிரவுனின் 1967 பாடலான 'கோல்ட் ஸ்வெட்'டை அவரோடு சேர்ந்து எழுதிய பீ வீ எல்லிஸ், ஜாஸ் சாக்ஸபோன்காரர். அந்தப் பாட்டின் பித்தளை வாத்தியங்கள் வாசிக்கும் பதம் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டு), ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 1959 'ஸோ வாட்'டிலிருந்து கிளைத்தது. ஆகவே ஜாஸ்காரர்கள் பிறகு ஃபங்க் பக்கம் போனபோது கொஞ்சம் தெரிந்த வீட்டுக்குத்தான் போனார்கள்.

ஆனால் வாத்தியக்காரருக்கு இருந்த வசதி பாடகிக்கு இல்லை. டிரம்பெட் வாசிக்கும் டொனால்ட் பர்ட் தன் பின்னணிக் குழுவை மாற்றிக்கொண்டு, அதன் மேல் ஏறக்குறைய பழைய மாதிரியே ஊதலாம். 1973இல் அப்படிச் செய்த 'பிளாக் பர்ட்', ஜாஸ் இசைத்தட்டு நிறுவனமான புளூ நோட் அதுவரை வெளியிட்டதிலேயே அதிகம் விற்ற ஆல்பமானது. பாடகிக்கோ உச்சரிப்பையே மாற்ற வேண்டியிருக்கிறது. ஜாஸ் பாட்டின் நயமே சொல்லை அடிக்குச் சற்றுப் பின்னால் இறக்குவதுதான். கேட்பவர் காத்திருக்கும் அந்த நொடியில்தான் பாவம் பிறக்கிறது. ஃபங்க்கில் அப்படிப் பின்தங்கினால், டிரம்ஸும் பேஸும் கவனமாக விட்டு வைத்திருக்கும் இடைவெளியில் போய்க் குரல் உட்கார்ந்துவிடும், தாளம் குழம்பும். வல்லினம் ஒவ்வொன்றும் தாளவாத்தியத்தின் அடிபோலச் சரியான இடத்தில் விழ வேண்டும். மெல்லினத்தை நீட்டிப் பழகிய குரலுக்கு இது சாதாரண வேலை இல்லை. அதனால்தான் பாடகிகளின் திருப்பம், வாத்தியக்காரர்களுடையதைவிட என்னை அதிகம் கவர்கிறது. எந்த ஆல்பத்தைக் கேட்டாலும் நான் தேடுவது ஒன்றைத்தான்: புதிய தாளத்துக்குள் போன பிறகும், அடிக்குச் சற்றுப் பின்னால் சாயும் அந்த ஜாஸ் காலப்பிரமாணம் குரலில் மிஞ்சியிருக்கிறதா?

திரும்பாமல் நின்றவர்களும் உண்டு. பெட்டி கார்ட்டர், நிறுவனங்களின் போக்குக்கு வளைந்து கொடுக்காமல் 'பெட்-கார்' என்று சொந்த லேபிள் தொடங்கி ஜாஸ் மட்டுமே பாடினார். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அதற்காகத் திரும்பியவர்களை எல்லாம் காசுக்காகப் போனவர்கள் என்று தள்ளிவிடுவதை ஏற்க முடியவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் மார்லினா ஷாவைக் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஷா நியூயார்க் மாநிலத்தின் நியூ ரோஷெலில் பிறந்தவர். அறுபதுகளின் இறுதியில் கவுன்ட் பேஸியின் பெரிய இசைக்குழுவோடு பாடினார். ஸ்விங் என்றால் பேஸி என்று சொல்லும் அளவுக்குப் பெயர் பெற்ற குழு அது. அங்கே நின்று பாடியவருக்கு ஸ்விங் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதே காலத்தில் சிகாகோவின் கேடட் நிறுவனத்துக்காக 1969இல் 'தி ஸ்பைஸ் ஆஃப் லைஃப்' ஆல்பத்தைப் பதிவு செய்தார். 'கலிஃபோர்னியா ஸோல்', 'வுமன் ஆஃப் தி கெட்டோ' இரண்டும் அதில்தான் இருக்கின்றன. 1972இலிருந்து புளூ நோட்.

மான்ட்ரூ பதிவை முதலில் கேட்கச் சொல்வதற்குக் காரணம், திருப்பத்துக்கு முன்னும் பின்னும் ஒரே மேடையில் கிடைப்பதுதான். மேடையில் பின்னணிக்கு மூன்றே பேர்: பியானோவில் ஜார்ஜ் காஃப்னி, பேஸில் எட் போயர், டிரம்ஸில் ஹரால்ட் ஜோன்ஸ். ஜோன்ஸ் பேஸி குழுவில் வாசித்தவர். ஜெரோம் கெர்னின் பழைய பிராட்வே பாட்டான 'தி ஸாங் இஸ் யூ'வும், ஜாஸ் சோலோவுக்கு ஆனி ராஸ் சொல் எழுதிய 'ட்விஸ்டட்'டும் இந்தக் கச்சேரியில் இருக்கின்றன. இரண்டிலும் நாம் கேட்பது தேர்ந்த ஜாஸ் பாடகியை. அதே கச்சேரியில்தான் 'வுமன் ஆஃப் தி கெட்டோ'வும் வருகிறது.

இந்த ஒரு பாட்டுக்காகவே ஆல்பத்தைப் பரிந்துரைப்பேன். ஸ்டுடியோ வடிவத்தைவிட நன்றாக நீண்டு, பத்து நிமிடத்தை ஒட்டி ஓடுகிறது. பேஸ் ஒரு சின்னப் பதத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் சுற்றுகிறது. சுருதி நகராமல் அங்கேயே நிற்கிறது. சட்டம் இயற்றுகிறவர்களை நேரே பார்த்து, இந்தச் சேரியில் என் பிள்ளைகளை எப்படி வளர்ப்பேன் என்று கேட்கும் பாட்டு. முதல் சரணங்களில் கேள்விகளை அவர் அடியோடு ஒட்டியே வைக்கிறார், குழைவே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் சொல்லில்லாத அசைகளுக்குப் போகிறார். ஜாஸில் இதை ஸ்கேட் என்பார்கள்; சாக்ஸபோன் மாதிரி வளைந்து வளைந்து போவது வழக்கம். ஷா இங்கே வளைவதில்லை. 'கிங், கி-கி-கி-கிங்' என்று பதினாறாம் துண்டுகளில் வெட்டி வெட்டி வைக்கிறார். கொன்னக்கோல் கேட்டவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். ஜாஸில் கற்ற ஒரு வித்தை, அதன் துள்ளலைக் கழற்றி வைத்துவிட்டு ஃபங்க்கின் தாளவாத்தியமாக மாறும் தருணம் இது. 1997இல் புளூ பாய் என்ற பெயரில் வந்த 'ரிமெம்பர் மீ' என்ற நடனப் பாடல் இந்தத் துண்டை அப்படியே வெட்டி எடுத்துத்தான் உலகம் முழுக்க ஓடியது. அந்தப் பாட்டு தெரிந்தவர்களுக்கு ஷாவின் பெயர் தெரியாமல் போனது எனக்கு ஆறாத வருத்தம்.

இந்தப் பதிவுக்கு ஒரு குறையும் இருக்கிறது. ஆல்பம் முழுக்க ஃபங்க் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. மென்மையான பாடல்களும், ஸ்டீவி வொண்டரின் மெட்டும், மார்வின் கேயின் 'சேவ் தி சில்ரன்'னும் கலந்த கச்சேரி இது. நாற்பது நிமிடமும் ஆட வைக்கும் தாளம் வேண்டும் என்பவருக்கு இது போதாது.

அவர்களுக்கு 1975. ஆல்பத்தின் பெயரே 'ஹூ இஸ் திஸ் பிட்ச், எனிவே?' என்பதால் வீட்டில் அட்டையை வெளியே வைக்கச் சிலர் யோசிக்கலாம். முதலில் இசையே வராது. மதுக்கூடம் ஒன்றில் ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளும் உரையாடல், கிட்டத்தட்ட மூன்று நிமிடம். புதிதாகக் கேட்பவர்கள் தவறான கோப்பை ஓடவிட்டுவிட்டோமோ என்று நினைத்து நிறுத்திவிட வேண்டாம். அது முடிந்ததும் 'ஸ்ட்ரீட் வாக்கிங் வுமன்' தொடங்குகிறது.

அந்தப் பாட்டில் நடப்பதைத்தான் நான் யாரிடமும் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. சக் ரெய்னியின் பேஸும் ஹார்வி மேசனின் டிரம்ஸும் கெட்டியான பதினாறில் போய்க்கொண்டிருக்கும்போதே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தாளம் வேகமான நான்கடி ஸ்விங்குக்குத் தாவுகிறது. பேஸ் அடிக்கு ஒரு சுரமாக நடக்கத் தொடங்குகிறது, சிம்பல் துள்ளுகிறது. சற்று ஓடிவிட்டுத் திரும்ப ஃபங்க். ஷாவின் குரல் இந்தத் தாவல்களில் ஒரு முறைகூடத் தடுமாறுவதில்லை. ஃபங்க் பகுதியில் சொற்களை நறுக்குகிறார், ஸ்விங் வந்ததும் அதே சொற்களைப் பின்னால் சாய்க்கிறார். இரண்டு உச்சரிப்பும் அவர் வாயில் எவ்வளவு சுலபமாக இருக்கின்றன என்பதை அடுத்தடுத்துக் கேட்டுவிடலாம். மேசன் ஏற்கெனவே ஹெர்பி ஹான்காக்கின் 1973 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தில் வாசித்தவர். இந்த இரண்டு நடைக்கும் நடுவில் போய்வரத் தெரிந்த கை அது.

இதே ஆல்பத்தில் 'ஃபீல் லைக் மேக்கிங் லவ்'வும் இருக்கிறது. முந்தைய ஆண்டு ராபர்ட்டா ஃப்ளாக் பாடிப் பெரிய வெற்றி கண்ட பாடல். ஷாவின் வடிவம் அவசரமே படாமல் நகர்கிறது. டேவிட் டி. வாக்கரின் கிட்டார் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லிக்கொண்டே வருகிறது. வாக்கர் வாசிக்கும் சின்னச் சின்னப் பதங்களைத் தனியாகப் பின்தொடர்ந்து ஒரு முறை கேளுங்கள், பாட்டு வேறாகத் தெரியும். ஆல்பத்தில் மெதுவான பாடல்களும் சில உண்டு. அவை எல்லாமே இதே உயரத்தில் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். 'லவிங் யூ வாஸ் லைக் எ பார்ட்டி' மட்டும் தவறவிடக் கூடாதது.

டீ டீ பிரிட்ஜ்வாட்டரின் கதையில் அதிர்ச்சி இன்னும் அதிகம், ஆனால் அதை உணர முன்கதை தேவை. 1950இல் மெம்ஃபிஸில் பிறந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் தாட் ஜோன்ஸ், மெல் லூயிஸ் இருவரும் நடத்திய பெரிய இசைக்குழுவின் பாடகி. நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டில் திங்கள்கிழமைதோறும் வாசித்த குழு. 1974இல் டோக்கியோவில் ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்காக 'ஆஃப்ரோ புளூ' பதிவு செய்தார். ரோலண்ட் ஹானா பியானோ, ஜார்ஜ் ம்ராஸ் பேஸ். கட்டற்று, ஆழமாகப் போகும் ஜாஸ். அடுத்த ஆண்டு 'தி விஸ்' என்ற பிராட்வே நாடகத்துக்காக டோனி விருது. இவ்வளவும் செய்தவர் எலெக்ட்ரா நிறுவனத்தில் சேர்ந்து, 1978இல் ஸ்டான்லி கிளார்க் தயாரிப்பில் 'ஜஸ்ட் ஃபேமிலி', 1979இல் ஜார்ஜ் டியூக் தயாரிப்பில் 'பேட் ஃபார் மீ' என்று போனார். கிளார்க், டியூக் இருவருமே ஜாஸிலிருந்து ஃபங்க்குக்கு வந்தவர்கள்தான்.

'பேட் ஃபார் மீ' தலைப்புப் பாடல் முதல் விநாடியிலேயே ஆளை எழுப்பிவிடும். பளபளப்பான தயாரிப்பு, இறுக்கமான பேஸ், அடுக்கடுக்கான பின்னணிக் குரல்கள். நடனத்துக்கு இந்த நான்கில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் நான் தேடும் அந்தக் காலப்பிரமாணம் இதில் குறைவு. இசை ஏற்பாடு, அதாவது எந்த வாத்தியம் எங்கே என்ற அமைப்பு, அவ்வளவு நிறைவாக இருக்கிறது, குரல் பின்தங்கவோ முந்தவோ இடமில்லை. 'ஆஃப்ரோ புளூ'வில் ஒரு வரியை நான்கு விதமாகத் திருப்பிப் பார்த்தவர், இங்கே கொடுத்த இடத்தில் அழகாக நிற்கிறார். இதை அவருடைய குறையாகச் சொல்லவில்லை; 1979இல் வானொலிக்கான ஃபங்க் போய்ச் சேர்ந்திருந்த இடம் அது. ஷாவிடம் தாளம் மாறுவதைக் கேட்கிறோம், பிரிட்ஜ்வாட்டரிடம் மாறி முடிந்த பிறகு கேட்கிறோம். அதனால் இதை முதலில் எடுத்தால், ஜாஸ் இதில் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழும். 'ஆஃப்ரோ புளூ'வை ஒரு முறை கேட்டுவிட்டு உடனே இதைப் போட்டால் மட்டுமே திருப்பத்தின் தூரம் புரியும். இரண்டு ஆல்பத்துக்கும் நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு இது அருமையான ஜோடி.

எஸ்தர் பிலிப்ஸை இந்தப் பட்டியலில் சேர்ப்பதற்குச் சிலர் ஆட்சேபிப்பார்கள். அவர் அடிப்படையில் புளூஸ், ரிதம் அண்ட் புளூஸ் பாடகி. 1950இல், பதினான்கு வயதிலேயே, ஜானி ஓட்டிஸ் குழுவோடு 'லிட்டில் எஸ்தர்' என்ற பெயரில் ரிதம் அண்ட் புளூஸ் தரவரிசையில் முதலிடம் பிடித்தவர். இருந்தாலும் 1970இல் லாஸ் ஏஞ்சலஸ் கிளப் ஒன்றில் பதிவான 'பர்னின்' ஆல்பத்தைக் கேட்டவர்கள் அவரை ஜாஸுக்கு வெளியே நிறுத்த மாட்டார்கள். அதன் பிறகு தயாரிப்பாளர் கிரீட் டெய்லரின் குடு லேபிளில் 'ஃப்ரம் எ விஸ்பர் டு எ ஸ்க்ரீம்' வந்தது. ஏற்பாடு செய்தவர், மேலே 'கோல்ட் ஸ்வெட்' பேச்சில் வந்த அதே பீ வீ எல்லிஸ். டிரம்ஸில் பெர்னார்ட் பர்டி.

இதில் கில் ஸ்காட்-ஹெரன் எழுதிய 'ஹோம் இஸ் வேர் தி ஹேட்ரட் இஸ்' இருக்கிறது. அந்தி நேரத்தில் வீட்டை நோக்கி நடக்கும் போதை அடிமையின் வாக்குமூலம். பிலிப்ஸ் அந்த நரகத்தைத் தன் உடம்பிலேயே அனுபவித்தவர். மூக்கொலி கலந்த, சற்றே கீறும் குரல். தாளம் நிற்காமல் ஆட அழைக்கிறது, அதன் மேல் இந்தப் பெண் வீட்டுக்குத் திரும்ப முடியாததைப் பாடுகிறார். முதல் முறை கேட்டபோது எனக்கு அதற்கு மேல் அன்று வேறு எதுவும் கேட்க மனம் வரவில்லை. 1973 கிராமி விழாவில் அவரோடு போட்டியிட்டு விருது வாங்கிய அரீத்தா ஃப்ராங்க்ளின், அந்த விருதைப் பிலிப்ஸிடமே கொடுத்துவிட்டார். பாட்டைக் கேட்டால் ஏன் என்று தெரியும். பிலிப்ஸ் 1984இல், ஐம்பது வயதைத் தொடாமலே, இறந்துபோனார்.

ஆனால் கவனியுங்கள், இங்கே பாடகி அதிகம் மாறவில்லை. அவரைச் சுற்றியிருந்த குழுதான் ஃபங்க்கானது. அவர் எப்போதும் பாடியபடியே பாடினார். தாளத்தைவிடச் சொல்லும் வலியும் முக்கியம் என்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். ஒரு ஜாஸ் குரல் தன்னை மாற்றிக்கொண்ட விதத்தைக் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு இது மூன்றாவதாக வரட்டும்.

இந்த நான்கையும் தாண்டி நீனா சிமோன் 1974இல் வெளியிட்ட 'இட் இஸ் ஃபினிஷ்ட்' ஆல்பத்தில் 'ஃபங்கியர் தன் எ மஸ்கீட்டோஸ் ட்வீட்டர்' என்று ஒரு பாடல் உண்டு. ஒரே ஒரு பாட்டு மட்டும் கேட்க நேரம் இருக்கிறது என்பவருக்கு அதைச் சொல்வேன். ஆல்பமாக அது வேறு திசை என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

எதில் கேட்பது என்பதும் ஒரு முடிவுதான். அசல் எல்.பி.க்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் தட்டின் விலையையே தாண்டிவிடக்கூடும். முதலில் ஸ்ட்ரீமிங்கில் கேட்டு, மனத்தில் நின்றதை மட்டும் மறுபதிப்பில் வாங்குங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் இவற்றைக் கேட்காதீர்கள். சக் ரெய்னியின் பேஸ் அதில் ஏறக்குறைய காணாமல் போய்விடும். பேஸ் இல்லாத ஃபங்க்கை வைத்து எந்த ஆல்பத்தையும் எடைபோட முடியாது. சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

வாங்குவதற்கு ஒன்றே ஒன்று என்றால் என் காசு 1975 ஆல்பத்துக்குத்தான், கேட்கத் தொடங்குவதற்கு மான்ட்ரூ என்று சொன்ன பிறகும். மான்ட்ரூவில் 'வுமன் ஆஃப் தி கெட்டோ'வுக்காகத் திரும்பப் போவீர்கள்; 1975இல் ஒவ்வொரு முறையும் குழுவில் வேறொருவரைப் பின்தொடரலாம். பிரிட்ஜ்வாட்டரின் பக்கம் சாய்கிறவர்கள் 1979உடன் நின்றுவிட வேண்டாம். அவர் எண்பதுகளில் பாரிஸுக்குக் குடிபெயர்ந்து ஜாஸுக்குத் திரும்பினார். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு அஞ்சலியாக 1997இல் செய்த 'டியர் எல்லா'வுக்குக் கிராமி கிடைத்தது. பிறகு 2017இல், பிறந்த ஊரான மெம்ஃபிஸின் ராயல் ஸ்டுடியோஸுக்கே போய், அந்த ஊரோடு சேர்ந்த ஸோல், புளூஸ் பாடல்களைப் பதிவு செய்தார். அதில் 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்' கேளுங்கள். 1979இல் குரலுக்குக் கிடைக்காத இடம் இதில் தாராளமாக இருக்கிறது, அவரும் ஒவ்வொரு வரியையும் தன் இஷ்டத்துக்குப் பின்னால் இழுத்துப் பாடுகிறார்.